கதவில் நின்ற வெள்ளம்

தம்பி ஆற்றோரத்தில் வீடு கட்டத் தொடங்கியபோது, வீட்டைத் தரைக்கு மேலே தாங்கி நிற்கும் தூண்களை எவ்வளவு உயரத்துக்கு அறுப்பது என்ற ஒரு கேள்வியில் எல்லாம் நின்றுபோயிற்று. மரங்கள் மனையில் வந்து கிடந்தன. சீனத் தச்சர் மறுநாள் காலை ரம்பத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தார். அறுத்த மரத்தை ஒட்ட முடியாது. பெரிய வெள்ளம் வந்துபோய்ச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆனாலும் அது எவ்வளவு உயரம் வந்தது என்று எங்கள் பகுதியான பிரிக்பீல்ட்ஸில் கேட்டால், ஒருவர் முழங்காலைக் காட்டினார், அடுத்த வீட்டுக்காரர் கூரையைக் காட்டினார். வெள்ளத்தின்போது தம்பி கிள்ளானில் வேலையாக இருந்தான். நான் மேட்டுப் பக்கம் குடியிருந்தேன். எங்கள் வாசல் நனையவே இல்லை. ஆகவே எங்கள் இருவருக்கும் சொந்தமாக ஓர் அளவு கிடையாது.

நான் தையல் வேலை செய்பவள். பிறர் சொல்லும் அளவை நம்பித் துணியை வெட்டுவதில்லை. 'போன வருஷத்து அளவுதான்' என்று வரும் பெண்களையும் நிறுத்தி, நாடாவைச் சுற்றிப் பார்த்த பிறகே கத்தரிக்கோலை எடுப்பேன். வீட்டுக்கும் அதுவே முறை என்று தம்பியிடம் சொல்லி, அளவு நாடாவைப் பையில் போட்டுக்கொண்டு, அவனைப் பழம்பொருள் அறைக்கு அழைத்துப் போனேன். வெள்ளத்தின் கோடு அங்கே பத்திரமாக இருந்தது.

ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தம் வீட்டு முன்னறையில் நடத்திவந்த காட்சிச்சாலை அது. ஊருக்குள் அரசாங்கத்தின் பெரிய காட்சிச்சாலை இருந்தது. அங்கே பாடம் செய்த புலி இருந்தது, வண்ணத்துப்பூச்சிகள் இருந்தன; செங்கல் சுட்டவர்களும் தண்டவாளம் போட்டவர்களும் இல்லை. அந்தக் குறையைத் தீர்ப்பது தம் பொறுப்பு என்று கார்டு எடுத்துக்கொண்டிருந்தார். சூளையில் காயும்போது நாய் மிதித்துப்போன செங்கல் ஒன்று, நாக்கில்லாத ஸ்டேஷன் மணி, அம்பாங் ஈயச் சுரங்கத்து மணல் அடைத்த புட்டி என்று சுவரோரமாக அடுக்கியிருந்தார். ரயில் பெஞ்சுகளுக்கு அடியில் பொறுக்கிய பொத்தான்கள் ஒரு ஜாடி நிறைய இருந்தன. அதன்மீது 'ஊரார் விட்டுச் சென்றவை' என்று எழுதி ஒட்டியிருந்தது. வாசலில் ஒரு பலகை: 'தொட்டுப் பார்க்கலாம். தட்டிப் பார்க்கலாம். எடுத்துப் போகக் கூடாது.'

"வாங்க டைலரம்மா," என்றார் கார்டு. "யாரு, தம்பியா? கேக்கவே வேணாம், அதே முறைப்பு."

"வெள்ளத்தைப் பாக்கணும்ணே," என்றான் தம்பி.

"பாருங்க, நல்லாப் பாருங்க. இந்த அறைக்கே அதுதான் ராஜா."

அது பச்சை வண்ணம் அடித்த ஒற்றைக் கதவு. சுவரை ஒட்டி நேராக நிறுத்தியிருந்தார். குறுக்கே ஒரு கோடு தெளிவாக ஓடியது. கோட்டுக்கு மேலே வண்ணம் அப்படியே இருந்தது. கீழே கொப்புளம் கொப்புளமாக எழும்பி, சேற்று நிறமாக மாறியிருந்தது. வருகிறவர்களை அதன் பக்கத்தில் நிற்கவைத்துப் பார்ப்பது கார்டின் வழக்கம். தம்பியையும் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"நெஞ்சு! உங்களுக்கு நெஞ்சளவு. நேத்து வந்த போஸ்ட்மேனுக்குக் கழுத்து. பாவம், மனுஷன் பயந்தே போயிட்டாரு."

தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது. "நெஞ்சுக்கு மேல ஒரு முழம் வச்சாப் போதும்க்கா. மரம் மிஞ்சும். மிச்சத்துல முன்பக்கம் ஒரு வராந்தா போட்டுடலாம்."

நான் குனிந்து நாடாவின் முனையைக் கதவின் அடியில் வைத்தேன். வைத்ததும் கை நின்றுவிட்டது. பாவாடையின் விளிம்பைத் தரையிலிருந்துதான் அளப்போம். அளவு கொடுப்பவள் ஸ்டூல்மீது நின்றால், ஸ்டூலையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

"அண்ணே, இது வாசல்ல இருந்தப்போ இதுக்குக் கீழ என்ன இருந்துச்சு?"

"கீழயா? தரை."

"தரையா, படியா?"

கார்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கதவைத்தாம்மா மாட்டுவண்டியில ஏத்திட்டு வந்தேன். படியை யாராச்சும் ஏத்துவாங்களா?"

"அக்கா, ஒரு கோட்டுக்கு இவ்வளவு விசாரணையா?" என்றான் தம்பி. "நெஞ்சுதான்லா. வா, போலாம்."

"படியைப் பாத்துட்டுப் போலாம். கதவு யாரு வீட்டுதுண்ணே?"

ஆற்றோரத்துச் சலவைக்காரம்மா வீட்டுக் கதவு என்றார். தம்பியின் மனையும் அதே வரிசையில், சில வீடுகள் தள்ளித்தான் இருந்தது. மழை பெய்தால் இரண்டு இடத்திலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் தேங்கும். நாங்கள் மூவரும் புறப்பட்டோம். கார்டு அறையைப் பூட்டிவிட்டு வந்தார்.

சலவைக்காரம்மா கொடியில் விரிப்புகளை உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். கார்டைக் கண்டதும், "என் கதவு எப்படிண்ணே இருக்கு?" என்றார்.

"ராணியாட்டம் நிக்குது."

"இங்க இருந்தவரைக்கும் உப்பிப்போயி மூடவே மூடாது. உங்க வீட்ல சும்மா நிக்கிறதுக்கு ராணிப் பட்டமா!"

அவர் சிரிக்கும்போதே நான் வாசலைப் பார்த்துவிட்டேன். நிலைக்குக் கீழே செங்கல் படிகள் இருந்தன. ஏறுவதற்குச் சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடிக்க வேண்டிய உயரம்.

"இந்தப் படி வெள்ளத்துக்கு முன்னாடியே இருந்துச்சாம்மா?"

"என் மாமனார் கட்டினதாச்சே. மேல்படியில குந்திக்கிட்டுத்தான் தண்ணி ஏறுறதைப் பாத்தேன். அப்புறம் பரண்ல ஏறிட்டோம். பொழுது விடிஞ்சுதான் சாம்பான் படகு வந்து கூட்டிட்டுப் போச்சு."

தரையிலிருந்து நிலை வரைக்கும் நாடாவைப் பிடித்தேன். என் இடுப்புக்குச் சற்றுக் கீழே வந்தது. இரண்டு முறை அளந்தேன். இரண்டு முறையும் அதே அளவு. தம்பி தன் நெஞ்சில் கையை வைத்து, அங்கிருந்து மேலே எவ்வளவு என்று மனத்துக்குள் கூட்டிப் பார்த்தான். பிறகு கையை எடுத்துவிட்டான்.

திரும்பும் வழியில் கார்டு, "வந்தவங்களுக்கெல்லாம் வெள்ளத்தைக் குறைச்சுல்ல காட்டியிருக்கேன்," என்றார்.

"கதவு சரியாத்தான்ணே சொல்லுது. நிக்கிற இடம்தான் சரியில்ல."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்துவிட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் கொல்லையில் குவிந்திருந்த செங்கற்களைக் கொண்டுவரச் சொன்னார். தம்பி அடுக்கினான், ஒவ்வொரு வரிசைக்கும் நான் நாடாவைப் பிடித்துப் பார்த்தேன். அளவு சரியானதும் மூன்று பேருமாகக் கதவைத் தூக்கி அதன்மேல் நிறுத்தி, சன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டினோம். கதவின் தலை உத்திரத்தை நெருங்கிற்று. தம்பி தானாகவே போய் அதன் பக்கத்தில் நின்றான். கோடு அவன் தலைக்கு மேலே ஓடியது.

"இனிமே போஸ்ட்மேனுக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும் முழுக்குத்தான்," என்றார் கார்டு. அவர் குரலில் பழைய உற்சாகம் வந்திருந்தது.

தம்பி அண்ணாந்து பார்த்தான். "வராந்தா போச்சுக்கா," என்றான்.

"போகட்டும்," என்றேன்.

மறுநாள் காலை மனையில் தச்சர் அளவைக் கேட்டு, "திங்கி, திங்கி," என்று தலையை ஆட்டினார். உயரம் அதிகம் என்பது அவர் கருத்து. கைக்குழந்தையோடு நின்ற தம்பி மனைவிக்குக் குறை சொல்ல அது போதுமானதாக இருந்தது.

"கேட்டீங்களா? தச்சரே சொல்றாரு. இது வீடா, குருவிக்கூடா? தண்ணிக் குடத்தைத் தூக்கிட்டு இத்தனை படி யாரு ஏறுறது? அண்ணி வந்து ஏறுவாங்களா?"

அண்ணி என்று அவள் சொன்னது என்னைத்தான். அளவு என்னுடையது, வீடு அவர்களுடையது. தம்பி அவள் முன்னால் போய் நின்று, தன் தலைக்கு மேலே கையை நீட்டிக் காட்டினான்.

"தண்ணி இங்க வந்துச்சு. மறுபடி வந்தாப் புள்ளைய எங்க வச்சுக்குவ?"

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். ஆற்றின் பக்கம் திரும்பி, அதையும் பார்த்தாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு தச்சரிடம், "போத்தோங்," என்றாள், வெட்டுங்கள் என்று.

தச்சர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். மண்ணுக்குள் புதையும் நீளத்தைத் தனியாகக் கூட்டிக்கொண்டாரா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே, முதல் மரத்தில் அவரைக் கோடு போட விட்டேன்.