ரஸீன் அவர்கள் எனக்குத் தர மறுத்த நீலத் துணி

செவ்வாய்க்கிழமை காலை, தீர்ப்பு நாளுக்கென்று எடுத்து வைத்த வெள்ளைச் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. கெலிஓயாவிலிருந்து ரஸீன் அவர்களின் மகன் பேசினார்.

"மேடம், வாப்பா மவுத்தாயிட்டாங்க. சுபஹுத் தொழுகைக்கு எழும்பல்ல. அஸருக்குப் பொறகு அடக்கம். ஒங்களுக்கு முதல்ல செல்லச் சென்னாங்க உம்மா."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். அவருடைய சாட்சியம் முடிந்துவிட்டது, இனி வழக்குக்கு ஆபத்தில்லை என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அதன் பிறகே அழுதேன். இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். ரஸீன் அவர்கள் கேட்டிருந்தால், வரிசை சரிதான் என்று சொல்லியிருப்பார்.

நீதிமன்றத்தில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கண்டியில் ஒரு நீதிமன்றத்தின் சான்றுப் பொருள் அறையில் ஓய்வு பெறும்வரை லிகிதராக இருந்தார். கத்தி, கயிறு, கிழிந்த சட்டை என்று வழக்குகளின் மிச்சமெல்லாம் அவர் பொறுப்பில் இருந்தன. என் கணவரின் கொலையில் மிஞ்சியதும் அங்கேதான் இருந்தது.

என் கணவர் நில அளவையாளர். முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன், நகரில் மாடியிலிருந்த தமது அலுவலகத்தில், மதிய உணவு வேளையில் குத்திக் கொல்லப்பட்டார். மற்றவர்கள் பிளாஸ்டிக் தாளுக்கு மாறிய பிறகும் அவர் கஞ்சியேற்றிய மெல்லிய நீலத் துணியில்தான் வரைபடம் வரைவார். அன்று மேசையில் விரித்திருந்த துணியில் இரண்டு பேருடைய இரத்தம் இருந்தது. ஒன்று அவருடையது. மற்றது, குத்தும்போது கத்தி வழுக்கித் தன் கையையே வெட்டிக்கொண்டவனுடையது. அக்காலத்தில் இரத்தத்தின் வகையைச் சொல்ல முடிந்தது, ஆளைச் சொல்ல முடியவில்லை. அந்த ஆண்டுகளில் நாட்டில் பிணங்களுக்குக் குறைவில்லை. ஆற்றில் வந்தவர்களுக்கே பெயர் தேட ஆளில்லாத நேரத்தில், ஒரு நில அளவையாளரின் கோப்பு அடியில் போயிற்று.

ஓராண்டு கழித்து நான் அந்த அறைக்குப் போனேன். என் கணவர் கடைசியாகக் கோடு போட்ட துணி எனக்கு வேண்டும். கறையைப் போக்கி, கண்ணாடிச் சட்டத்தில் வைக்கலாம் என்று எண்ணினேன். கறையோடு எதையும் வீட்டில் வைத்திருப்பது என் வளர்ப்புக்கு ஒவ்வாது. மெலிந்த, தொப்பி அணிந்த இளைஞர் எழுந்து தமது கதிரையை எனக்குத் தந்தார்.

"கழுவவா கேக்கிறீங்க?"

"ஆமா. பச்சத் தண்ணில உப்புப் போட்டு ஊற வச்சா ரத்தக் கறை போயிரும்."

"போகும் மேடம். அதுக்குத்தான் பயப்படுறேன். இது இப்ப ஒங்கட வீட்டுக்காரர்ட சாமான் இல்ல, வழக்குட சாமான். ஆள் புடிபடுற வரைக்கும் ஒங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

"நான் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். அதான் கதிர தந்தேன். துணி தர ஏலாது."

வீட்டுக்கு வந்து அவரைப் பற்றி ஆங்கிலத்தில் நான்கு பக்க முறைப்பாடு எழுதினேன். கல்நெஞ்சர், பெண்களிடம் பேசத் தெரியாதவர் என்றெல்லாம் எழுதினேன். 'நான் கெஞ்சியும், விரல் நுனியால்கூடத் தொட விடவில்லை' என்றும் எழுதினேன். அவரிடம் விளக்கம் கேட்டார்கள். விளக்கத்தைக் கொடுத்துவிட்டு, என் முறைப்பாட்டுக்குப் பக்க எண் இட்டு எங்கள் வழக்குக் கோப்பிலேயே கோத்து வைத்தார். அடுத்த ஆண்டு போனபோது முகம் மாறாமல் சொன்னார்: "ஒங்கட பெட்டிசன மூணு தரம் வாசிச்சேன் மேடம். ரெண்டு சொல்லுக்கு டிக்ஷனரி பாத்தேன். ரெண்டும் எனக்கு ஏசின சொல்லு."

அதன் பின் ஒவ்வோர் ஆண்டும் கணவர் இறந்த நாளில் போனேன். பொதியை மேசையில் வைப்பார். குறுக்கே கட்டிய நூலையும், அரக்கையும், அரக்குக்கு மேலே ஓடும் கையெழுத்தையும் நான் கண்ணாடி போட்டுப் பார்ப்பேன். என் இரண்டு கைகளும் என் மடியிலேயே இருக்க வேண்டும். பழைய பொருட்களை நீதிமன்ற வளவில் எரிக்கும் காலம் வரும்போதெல்லாம், முடியாத வழக்கு என்று எழுதி எங்கள் பொதியைப் புறம்பாக வைத்துவிடுவார். எல்லாவற்றையும் பொலிதீனில் போடும் வழக்கம் வந்தபோது, நம்முடையதையும் போடலாமே, தூசு படாதே என்று நான்தான் கேட்டேன்.

"வாணாம் மேடம். எங்க வாப்பா கராம்பு யாவாரம். கராம்பப் பொலிதீன்ல கட்டினா இந்தக் குளிருக்கு வேர்த்துப் பூஞ்சணம் புடிச்சிரும். கடதாசி மூச்சு விடும்."

இப்போது ஆய்வுகூடத்தில் படித்தவர்களும் அதையே சொல்கிறார்கள். இரத்தம் கண்ட பொருளைக் கடதாசியில்தான் வைக்க வேண்டுமாம். கெலிஓயாவின் கராம்புக் கடையில் அது முன்பே தெரிந்திருந்தது.

பத்தாம் ஆண்டுப் பூசைக்குப் பின் பங்குத்தந்தை மன்னிப்பைப் பற்றி என்னோடு நெடுநேரம் பேசினார். கன்னியர் மடத்தில் என்னைப் படிப்பித்த சிஸ்டர், படுக்கையில் கிடந்தபடி என் கையைப் பிடித்து அதையே சொன்னார். என் தங்கையும் சொன்னாள். ஆள் யாரென்றே தெரியாதபோது மன்னிப்பது சுலபம் என்று எல்லோரும் எண்ணினார்கள் போலும். அந்த ஆண்டு ரஸீன் அவர்களிடம் கேட்டேன்: "நீங்க என்ன சொல்றீங்க? மன்னிச்சிரவா?"

நூலை இறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "குத்துப்பட்டவர் ஒங்கட ஆள். மன்னிக்கிற ஹக்கு ஒங்களுக்கு. அதுல நான் கை போட மாட்டேன். மன்னிங்கன்னும் செல்ல மாட்டேன், வாணாம்னும் செல்ல மாட்டேன். மறக்கத்தான் எனக்கு ஓடர் இல்ல."

ஹக்கு என்றால் உரிமை. என் கோபத்தை என் உரிமை என்று சொன்ன ஒரே மனிதர் அவர். ஆண்டுக்குக் கால் மணி நேரம், அந்தக் கோபத்தைக் குனியாமல் கொண்டுபோய் உட்கார எனக்கு ஓரிடம் இருந்தது.

ஓய்வு பெற்ற பின் ஒரே ஒரு முறை என் வீட்டுக்கு வந்தார். நோன்பு மாதம். கூட்ஸ் ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி, முச்சக்கரவண்டி பிடித்து, மூச்சு வாங்க வந்து நின்றார். அது நோன்பு என்பதை மறந்து தேநீர்த் தட்டைக் கொண்டுவந்து வைத்தேன். அவர் அதைத் தள்ளவும் இல்லை, தொடவும் இல்லை.

"மேடம், நேத்து எளய மகள்ட கலியாணக் கார்ட்டுகள ஒட்ட ஒக்காந்தேன். நாக்க நீட்டப் போக நோன்பு ஞாபகம் வந்திச்சி. வேல செஞ்ச கந்தோர்லயும் அப்பிடித்தான். நோன்புக்கு ஈரப் பஞ்சு, மத்தப் பதினொரு மாசமும் நாக்கு. அப்பதான் யோசிச்சேன், ஊர்ல உள்ள எல்லார்ட எச்சிலும் கடித உறைலதானே ஈக்கிது? எச்சில்ல இருந்தும் ஆளச் செல்லலாமாம், பேப்பர்ல போட்டீக்கி. நம்மட கிட்ட ரத்தம் ஈக்கி. ஆள் தான் இல்ல. ஒங்கட வீட்டுக்காரர் கடைசியா அளந்த காணிக்காரர் ஆராச்சும் ஒங்களுக்கு அனுதாபக் கடிதம் போட்டாங்களா?"

கடைசியாக அளந்தது திகனப் பக்கத்தில், பங்குப் பிரிவினை வழக்கிலிருந்த ஒரு காணி. எல்லைக்கல் நகர்த்தப்பட்டிருந்ததை என் கணவர் கண்டுபிடித்திருந்தார். எல்லைக் கோட்டை மாற்றச் சொன்னார்கள், மாற்ற மாட்டேன் என்றார். இவ்வளவும் பொலிசுக்கு அப்போதே சொன்னேன். ஆனால் அந்தக் காணிக்காரர்கள் படித்தவர்கள், பரிசளிப்பு விழாக்களுக்குத் தலைமை தாங்குகிறவர்கள்.

அலுமாரியிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்து வந்தேன். நூற்றுப் பதினேழு அனுதாபக் கடிதங்கள், ஒவ்வொன்றும் தன் உறையோடு இருந்தன. கடிதத்தை உறையிலிருந்து பிரிக்கக் கூடாது, நாற்பது நாளுக்குள் பதில் எழுத வேண்டும், எழுதிய தேதியைப் பென்சிலால் மூலையில் குறிக்க வேண்டும். மடத்தில் அப்படித்தான் பழக்கினார்கள். கை வைக்கப் போனேன்.

"தொடாதீங்க!" என்றார், பழைய குரலில். தேநீர்த் தட்டிலிருந்த சீனி இடுக்கியைக் காட்டினார். அதனால்தான் எடுத்தேன்.

அந்தக் காணிக்காரர்களில் ஒருவருடைய கடிதம் இருந்தது. அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஒரு தடவை நல்ல எழுத்தில் எழுதிவிட்டேன், அது போதும். கடும் காய்ச்சலால் செத்தவீட்டுக்கு வர முடியவில்லை என்று எழுதியிருந்தார். வெட்டுப்பட்ட கையைச் சபையில் காட்ட முடியாதவருக்கு வேறு வழியில்லைதான். எதுவும் எழுதாமல் இருந்திருக்கலாம். மரியாதை தெரிந்தவர் என்பதால் எழுதினார். கடிதத்தின் மூலையில் என் பென்சில் குறிப்பு இருந்தது: பதில் அனுப்பியாயிற்று. 'தங்கள் அன்பான வார்த்தைகள் எனக்குப் பெரும் ஆறுதல் தந்தன' என்று அவருக்கு எழுதியது எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருந்தது.

ரஸீன் அவர்கள் குறிப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க எதால ஒட்டினீங்க மேடம்?"

"ஈரப் பஞ்சால. நாக்கால ஒட்றது அநாகரிகம்னு மடத்தில சொல்லித் தந்தாங்க."

"இவருக்கு ஆரும் செல்லிக் குடுக்கல்ல போல."

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உறையின் ஒட்டிய மடிப்புக்குள் இருந்தவரும் நீலத் துணியில் இருந்தவரும் ஒருவரே என்று ஆய்வுகூடம் எழுதியது. நீதிமன்ற உத்தரவின் பேரில் அந்தக் காணிக்காரரின் வாயிலிருந்து நேராக எடுத்த மாதிரியும் அதையே சொன்னது. ஆனால் அந்தத் துணியை இத்தனை ஆண்டுகளில் வேறு கை தொடவில்லை என்று சொல்ல ஒருவர் உயிரோடு இருக்க வேண்டும். ரஸீன் அவர்களுக்கோ இதயம் பலவீனமாகிக்கொண்டு வந்தது. வழக்கு ஒத்திவைக்கப்பட்ட ஒவ்வொரு தவணைக்கும் நான் இரண்டு செபமாலை சொன்னேன். ஒன்று அவர் வாழ்வதற்கு. மற்றொன்று அந்த மனிதர் இயல்பாகச் செத்துத் தப்பிவிடாமல் இருப்பதற்கு.

சென்ற ஆண்டு ரஸீன் அவர்கள் சாட்சிக் கூண்டில் ஏறினார். அதற்கு முன் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், அந்த மனிதரின் வீட்டுத் தேடுதலில் கிடைத்த என் நன்றிக் கடிதத்தை மன்றம் முழுக்கக் கேட்க வாசித்திருந்தார். கொன்றவருக்கா மனைவி இப்படி எழுதுவாள் என்று கேட்டார். என் எழுத்தின் அழகை அன்றுதான் வெறுத்தேன். பிறகு ரஸீன் அவர்களிடம் திரும்பினார். யாரும் தொடவில்லை என்பதற்கு உமது வாயைத் தவிர என்ன ஆதாரம்?

"கோப்புல நாப்பத்தோராம் பக்கத்தப் பாருங்க ஐயா. இந்த மேடம் எனக்கு எதிரா எழுதின பெட்டிசன்."

அதையும் வாசித்தார்கள். கல்நெஞ்சர். பேசத் தெரியாதவர். விரல் நுனியால்கூடத் தொட விடவில்லை.

"செத்தவர்ட பொஞ்சாதிக்கே குடுக்கல்ல. வேற ஆருக்கு ஐயா குடுப்பேன்?"

நீதிபதி குனிந்து எழுதினார். என் வாழ்வில் நான் எழுதிய மிக மரியாதையான கடிதம் கொலைகாரனுக்குப் போனது. மிக மரியாதையற்ற கடிதம் ரஸீன் அவர்களைப் பற்றியது. வழக்கைக் காத்தது இரண்டாவது. வெளியே, மகனின் கையைப் பிடித்து நின்றபடி கேட்டார்: "இப்பயாச்சும் அந்த ரெண்டு சொல்லையும் வாபஸ் எடுப்பீங்களா மேடம்?"

"எழுதினது எழுதினதுதான்."

"அதான் நல்லம். அப்பிடியே ஈக்கட்டும்."

அடக்கத்துக்கு முன் கெலிஓயா வீட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். அவருடைய மனைவி என் பக்கம் சாய்ந்தார். "என்ட நகப் பெட்டிய ஒரு நாளும் எங்க வச்சீக்கின்னு கேட்டதில்ல. ஒங்கட பொதிய மட்டும் நித்திரைலயும் விசாரிப்பாங்க." கண்ணீரோடு இருவரும் சிரித்தோம். "தீர்ப்பக் கேக்காமப் போயிட்டாங்க" என்றார் பிறகு.

மூன்று வாரம் கழித்து, இஸ்திரி போட்ட அதே சேலையில் போனேன். குற்றவாளி என்றார்கள். தண்டனையை வாசிக்கும்போது மன்றத்தின் விளக்குகளையும் மின்விசிறிகளையும் அணைத்தார்கள், எல்லோரும் எழுந்து நின்றோம். மரண தண்டனை. இந்நாட்டில் அதை நிறைவேற்றுவதில்லை என்று எனக்குத் தெரியும். அந்த அரையிருட்டில் எண்பத்து நான்கு வயது முகம் ஒன்று என்னைத் தேடியது. நான் என் முகத்தை நன்றாகக் காட்டினேன். இரக்கம் வந்துவிடுமோ என்ற அச்சம் எனக்கு இருந்தது. வரவில்லை.

போன வாரம் பங்குத்தந்தை ஒரு கடிதத்தோடு வந்தார். அந்த மனிதரின் மகள் கொடுத்தனுப்பியது. அதில் உள்ளதைத் தந்தையே சொன்னார்: மேன்முறையீடு முடியும் வரை பிணையில் விடக் கேட்கிறார்கள், அதை நான் எதிர்க்கக் கூடாதாம், வயோதிபர் தம் வீட்டில் கண்மூட வேண்டுமாம்.

"வாசிச்சாவது பாருங்கம்மா" என்றார் தந்தை.

"அவரு வீட்ல சாகணும்னு கேக்கிறாங்க. என் புருஷன் எங்க செத்தார் ஃபாதர்?"

அவர் போன பின் கடிதத்தைச் சீனி இடுக்கியால் எடுத்தேன். பழுப்புக் கடதாசியில் பொதிந்தேன், பொலிதீனில் அல்ல. நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, முடிச்சில் அரக்கு உருக்கி ஊற்றி, ஆறிய பின் அரக்குக்கு மேலாக ஓடும்படி கையெழுத்திட்டேன். கிடைத்த தேதி, கொண்டுவந்தவர், பெற்றவர். எல்லாம் அவர் எழுதும் முறைப்படியே.

எனக்கு வந்த எந்தக் கடிதத்துக்கும் நாற்பது நாளுக்குள் பதில் எழுதாமல் இருந்ததில்லை. இதற்கு எழுத மாட்டேன். அலுமாரியில், பிஸ்கட் டின்னுக்கு மேல், திறக்கப்படாமல் இருக்கிறது. ரஸீன் அவர்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த முடிச்சுத்தான். மன்னிக்கும் உரிமை என்னுடையது என்றார் அவர். அதற்கு நான் சீல் வைத்திருக்கிறேன்.