கூவக் கூடாத சேவல்

பெரியாயி இந்த மலைக்கு வந்தபோது அவளுக்குப் பத்து வயது. துறையூர்ப் பக்கத்துப் பஞ்சம் துரத்திவிட, அப்பன் ஆத்தாளோடு கடல் தாண்டி இலங்கைக்கு வந்து, பண்டாரவளையில் ரயிலை விட்டிறங்கி, ஒரு பகல் முழுக்க நடந்து, பதுளைக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்துக்கு ஏறி வந்தாள். மூன்றாம் வருடமே பெற்றவர்கள் இருவரையும் பேதி கொண்டுபோனது. கட்டிய புருஷன் மாரிசாமி, காடு வெட்டும்போது மரம் சாய்ந்து போய்ச் சேர்ந்தான். மிஞ்சியது ஐந்து வயது மகள் பாக்கியலெட்சுமி மட்டும்.

அந்தப் பிள்ளையும் போன மழைக்காலத்தில் காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தது. பெரியாயி ஒரு சேவல் குஞ்சைப் பிடித்துக்கொண்டு, மலையடியில் இருக்கிற முனியாண்டியிடம் ஓடினாள். "எம்புள்ள உசுர விட்டுரு சாமி. ஆடிக்கு இந்த உசுரத் தர்றேன்" என்று நேர்ந்தாள். பிள்ளை பிழைத்தது. குஞ்சும் சிவந்த கொண்டையோடு சேவலாகி நின்றது. நேர்ந்துவிட்ட உயிரை விற்கக் கூடாது, தின்னக் கூடாது, சாமியின் எல்லையைத் தாண்டி அனுப்பவும் கூடாது.

ஆடிக்கு ஒரு மாதம் இருக்கையில் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரையின் பெண்சாதி, தொரைசாணி, சீமையிலிருந்து வந்து இறங்கினாள். வந்தவளுக்குத் தலைவலி. கூலி சனம் வரிசை வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் சேவல் கூவுவது பங்களா வரைக்கும் கேட்கிறதாம். அதே விடியலில் ஆளை எழுப்ப அடிக்கிற தப்புச் சத்தம் மட்டும் அந்த அம்மாளின் காதில் விழவில்லை. அது தொரையின் சத்தம் அல்லவா!

மறுநாள் பெரட்டில், ஆட்களெல்லாம் வேலைக்கு வரிசை கட்டி நிற்கையில், அழகையா கங்காணி உத்தரவைச் சொன்னார். "பொட்டக் கோழி இருந்துட்டுப் போகட்டும். ஞாயித்துக்கெழமைக்கு அப்புறம் எந்தக் காம்பராவுலருந்து சேவ கூவுதோ, அந்தக் காம்பராவுக்குப் பத்துச்சீட்டுதான்." பத்துச்சீட்டு என்றால் வேலை போய், லயத்து அறையையும் காலி பண்ணி மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் எங்கே போவாள்?

அந்த ஞாயிறு லயம் முழுக்கக் கோழிக்குழம்பு மணத்தது. வருஷத்துக்கு இரண்டு தடவை கறி பார்க்கிற சனம், தொரையைத் திட்டிக்கொண்டே தின்று தீர்த்தது.

பெரியாயி மட்டும் கங்காணியிடம் போய் நின்றாள். "ஐயா, இது சாமிக்கு நேந்தது. ஆடி வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்கய்யா."

"தொரைக்கு முனியாண்டியத் தெரியுமா தாயி? இன்னைக்கே கொண்டுபோய் வெட்டிரு. சாமி கோவிச்சுக்காது."

கொண்டுபோனாள். ஆனால் வெட்டுவதற்குச் சாமியின் உத்தரவு வேண்டும். மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் சேவல் உடம்பை உலுக்கித் துலுக்கினால்தான் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். மூன்று தடவை தெளித்தாள். சேவல் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றது. உத்தரவில்லாமல் அறுத்தால் அது படையலாகுமா? மடியில் அணைத்துத் திரும்பக் கொண்டுவந்தாள்.

துணிமூட்டையோடு லயத்துக்கு விற்க வருகிற மொஹிதீன் நானா அவள் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டார். "நான் பதுளைக்குக் கொண்டு போறேன் தங்கச்சி. ஆடி வரைக்கும் எங்கட வீட்டுல நிக்கட்டும். ஒரு இறகு கொறையாமக் கொண்டாந்து தாறேன்."

"எல்லை தாண்டக் கூடாது நானா."

"அப்ப கழுத்துல ஒரு துணிப்பட்டி கட்டுங்க. தொண்டை உப்ப ஏலாது, சத்தம் வராது. இறுக்கிப் போடாதீங்க, கவனம்."

கட்டினாள். சேவல் கழுத்தை நீட்டும், வாயைத் திறக்கும், சத்தம் வராது. பத்து நாள் அப்படியே ஓடியது. பதினோராம் நாள் பெரட்டில் கங்காணி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்காம்பராவுல கொர்ருன்னு ஒண்ணு கேட்டுச்சு. எங்காதோட போச்சு. தொரை காதுக்குப் போனா நான் பொறுப்பில்ல."

பெரியாயி காம்பராவுக்கு ஓடிவந்து, பட்டியை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்துக்குப் போனாள். மத்தியானம் திரும்பி வந்தபோது, அடுப்போரத்தில் சேவல் கால் நீட்டிக் கிடந்தது. பக்கத்தில் பாக்கியலெட்சுமி குந்தியிருந்தாள். "ஆத்தா, இது எந்திரிக்க மாட்டேங்குது" என்றாள். பெரியாயி கூடையைக்கூட இறக்காமல் குனிந்து அந்த முடிச்சை அவிழ்த்தாள்.

ஆடியில் வேறொரு சேவலை வாங்கிக் கொடுத்தாள். அது தெளித்த மாத்திரத்தில் துலுக்கியது. பார்த்தவர்கள் சாமி மனமிறங்கிவிட்டது என்றார்கள். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆவணியில் தொரைசாணி சீமைக்கே திரும்பிப் போனாள். சேவல்கள் பழையபடி கூவின. யாரும் ஏனென்று கேட்கவில்லை.

ஐப்பசி மழையில் லயத்தில் காய்ச்சல் விழுந்தது. ஏழு பிள்ளைகள் போனார்கள். மூன்றாவதாகப் போனது பாக்கியலெட்சுமி. குடிதண்ணீர் பிடிக்கிற பீலிக்கு மேலே கக்கூஸ் கழிவு ஓடுகிற கான் உடைந்து கலந்ததுதான் காரணம் என்று மருந்து கொடுக்க வந்த ஐயா வாய்விட்டே சொன்னார். ஒரு கோழிக்குப் பெரட்டில் உத்தரவு போட்ட தோட்டம், அந்தக் கானுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாசமாய்ப் போக!

பெரியாயி அதற்குப் பிறகும் முப்பது வருஷம் கொழுந்து எடுத்தாள். தண்ணீர்தான் காரணம் என்று யாராவது ஆறுதல் சொல்ல வந்தால், அவர்களை நிமிர்ந்து பார்ப்பாள்.

"தண்ணி எல்லாருந்தான் குடிச்சோம்" என்பாள். "முடிச்சப் போட்டது நாந்தானே."