கொழும்புக்குப் போகாத மத்தாப்பு

தோழிகளே, அப்பா தூங்கியதும் எழுதுகிறேன். நாம் சுற்றுக்கு விடும் இந்த நோட்டைப் பார்த்தால் கிழித்துவிடுவார்.

இன்று பள்ளி விட்டு, திருத்தங்கலில் பஸ்ஸை விட்டு இறங்கி, அப்பாவின் மத்தாப்புக் கம்பெனிக்குப் போனேன். சரக்கைக் கப்பலேற்றும் தூத்துக்குடி ஏஜெண்டு வந்திருந்தார்.

"அண்ணாச்சி, கொழும்புல நம்ம சரக்கை எறக்கக் கூடாதுன்னுட்டாக. வெளிநாட்டுச் சாமானுக்கு இனிமே லைசென்ஸ் கிடையாதாம்."

"பெட்டி பூராம் சிங்கள லேபிளு ஒட்டியாச்சே! இங்கன எவன்யா வாங்குவான்?"

"மேல தமிழ் லேபிளை ஒட்டிருங்க."

"அதுக்கு ஆள் வச்சாக் கட்டுபடியாகுமா?" என்ற அப்பா என்னைப் பார்த்தார். "நாளையிலேருந்து பள்ளிக்கூடம் வேண்டாம்த்தா. அம்புட்டையும் நீ ஒட்டு."

"பரீட்சை வருதுப்பா. இந்தியா எந்தெந்த நாட்டுக்குச் சரக்கு அனுப்புதுன்னு கேப்பாக."

"கொழும்புக்கு இல்லன்னு எளுதிக்கோ" என்று ஏஜெண்டு சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

சாயங்காலமே ஒட்டத் தொடங்கிவிட்டேன். பசை காய்ந்ததும், அந்த வட்ட எழுத்துகள் மெல்லிய தாளுக்கு அடியில் தெரிகின்றன. பெட்டிகள் கூரை வரை இருக்கின்றன. இவை தீர்ந்த பிறகும் அப்பா என்னைப் பள்ளிக்கு அனுப்பமாட்டாரோ என்று பயமாக இருக்கிறது.

டீச்சர் என்னைப் பற்றிக் கேட்டால், ஏற்றுமதிப் பாடத்தை எனக்கு வீட்டிலேயே நடத்துகிறார்கள் என்று சொல்லுங்கள். அதற்கு அவர் என்ன சொன்னார் என்று மறக்காமல் இதில் எழுதுங்கள்.