மில் கேட்டில் மாரப்பன் சொன்னது

அரசாங்கப் பணத்தில் உள்ளூர் வரலாற்றைப் படமெடுக்கும் தொழிலில், ஊர்க்காரர் பேசியது ஒன்று, படத்தில் கேட்பது ஒன்று, நடுவில் நின்று முழிப்பவன் ஒருவன். மைக் தூக்கி அலையும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? ஆனாலும் கோவை மில்களைப் பற்றி நான் எடுத்த ஆவணப்படத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. கேளுங்கள்.

சர்க்கரை டப்பா

சிங்காநல்லூரில் மாரப்பன் வீடு. நூல் மில்லில் ஸ்பின்னிங் பிரிவில், மில் மூடும்வரை வேலை பார்த்தவர். மனுஷன் "வணக்கமுங்க" என்றதற்கே என் ஒலி மீட்டர் சிவப்பில் போய் முட்டியது. மைக்கைத் தள்ளி வைத்தேன். இன்னும் தள்ளி வைத்தேன். கடைசியில் அது வாசற்படிக்கே போய்விட்டது.

யாரும் மூச்சு விடக் கூடாது என்று கைகாட்டிவிட்டு ஆரம்பித்தால், நடுப்பேச்சில் அவர் சமையலறைப் பக்கம் திரும்பி, "சக்கர டப்பா மேல் அலமாரியில இருக்குது பாரு!" என்று ஒரு கத்து கத்தினார். யாருமே எதுவும் கேட்கவில்லையே! அட ராமா, என் டேக் போச்சு. பிறகு அவர் மனைவி ராமாத்தாள் காபியோடு வந்து சிரித்தார். சர்க்கரை எங்கே என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டிருக்கிறார். அவரும் அதே மில்லில் நூல் சுற்றும் பிரிவில் இருந்தவராம். "மிசின் சத்தத்துல எங்க காது கேக்கும்? வாயப் பாத்துத்தானுங்க பேசிக்குவோம். இவரு மட்டும் கத்தியே பழகிப்போட்டாருங்க."

கேட்டுக்கு முன்னால்

ராமாத்தாளுக்குக் கால் வீக்கம், வெளியே வரவில்லை. பூட்டிக் கிடக்கும் மில் கேட்டுக்கு முன்னால் மாரப்பனை மட்டும் நிறுத்தி, மில் மூடிய நாளைப் பற்றிக் கேட்டேன். அவர் கேமராவைப் பார்த்துப் பேசினார்.

"மில்லு மூடுன அன்னைக்கு ஊட்டுக்குப் போனேனுங்க. எங்கூட்டுக்காரி ஒரு வார்த்த கேக்கல. சோத்தப் போட்டு வெச்சா. இனி என்ன பண்றதுன்னு அவ கேட்டிருந்தா, நான் அன்னைக்கே செத்திருப்பேனுங்க. இத அவகிட்டச் சொன்னதே இல்ல. படத்துல வரட்டும், கேட்டுக்கட்டும்."

புகைபோக்கி

படத்தைப் பார்த்து ஒப்புதல் தர ஒரு குழு உண்டு. "எதுக்கு இந்த ஆள் சண்டைக்கு வர்ற மாதிரி கத்தறார்?" என்றார் அதன் தலைவர். மில்காரர் குரலே அப்படித்தான் சார் என்று எவ்வளவோ மன்றாடினேன். எடுபடவில்லை. முகம் இருக்கட்டும், குரலை எடுத்துவிட்டு நல்ல தமிழில் வேறு குரல் போடு என்று உத்தரவு. சரவணம்பட்டியில் ஒரு ஸ்டுடியோவில், நகைக்கடை விளம்பரத்துக்குப் பேசும் ஒருவர் வந்து, "ஆலை மூடப்பட்ட செய்தி எங்களை ஆழ்ந்த வேதனையில் ஆழ்த்தியது" என்று வெண்ணெய் மாதிரி படித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

ராமாத்தாளைப் பற்றிய பேச்சையாவது விட்டுவையுங்கள் என்றேன். தலைவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பெண்டாட்டி சோறு போட்டதெல்லாம் வரலாறு ஆகுமா தம்பி? அந்த இடத்துல மில் புகைபோக்கியைக் காட்டுங்க."

பொதுமக்கள்

படம் வெளிவருவதற்குள் மாரப்பன் மாரடைப்பில் போய்விட்டார். துக்கம் கேட்கப் போனேன். "ஊட்டுல சத்தமே இல்லீங்க. படத்துல பேசுவாருங்கல்ல?" என்றார் ராமாத்தாள். குரல் வேறம்மா, ஆனால் அசல் பதிவை வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றேன். மாரப்பன் சொன்ன சேதியை அவர் குரலிலேயே கேட்கட்டும் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

எடுத்தது மொத்தத்தையும் பணம் கொடுத்த அரசுத் துறையிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது விதி. என்னிடம் பிரதி கிடையாது. துறை அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். கடைசியில் அங்கிருந்த உதவியாளர் ஒருவர் கோபமே இல்லாமல் விளக்கினார். "அது இப்ப அரசுச் சொத்துங்க. அவரு சம்சாரமா இருந்தாலும் பொதுமக்கள்தானுங்களே."

முதல் வரிசை

மூஞ்சியாவது பார்க்கிறேன் என்று, வீங்கின காலோடு திரையிடலுக்கு ராமாத்தாள் வந்தார். முதல் வரிசையில் உட்கார்ந்தார். திரையில் மாரப்பன் வந்தார், வெண்ணெய்க் குரல் பேசியது. ராமாத்தாளின் உதடுகள் அசைந்தன. அந்தக் குரலோடு அல்ல, மாரப்பனின் வாயோடு. அடப்பாவி, இதை நான் யோசிக்கவே இல்லையே! அதற்குள் புகைபோக்கி வந்துவிட்டது.

படம் முடிந்து எல்லோரும் கைதட்ட, ராமாத்தாள் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கூட்டுக்காரின்னு ஆரம்பிச்சாருங்க. அதுக்குள்ள பொகபோக்கி வந்து மறைச்சுப்போட்டுது. என்னையப் பத்திக் குத்தமா ஏதாச்சும் சொன்னாருங்களா?" இல்லம்மா, இல்லவே இல்லை என்று, மில் கேட்டில் மாரப்பன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் காதோரம் சொன்னேன். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது, ஆனாலும் இல்லை என்று தலையை ஆட்டினார். "அப்புடியில்லீங்க கண்ணு. சத்தமாச் சொல்லுங்க. அவரு மெதுவாப் பேசமாட்டாரு."

குழுத் தலைவர் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அவ்வளவு அரசாங்கச் செலவில் ஒரே ஒரு சேதி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது, அதுவும் படத்தில் இல்லாத சேதி.