பாட்டு ஓடவில்லை என்று சொன்ன ஹசீனா அக்கா

ஹசீனா அக்கா போய்விட்டார். இன்று காலை. மாரடைப்பு என்கிறார்கள்.

பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தேன். கைகூப்பும் பொம்மைகளாக வந்து விழுந்துகொண்டிருக்கின்றன. "எங்கள் குடும்பத்தில் ஒருவர்" என்று ஒருத்தர் உருகியிருக்கிறார். நான் கர்ப்பமாக இருந்தபோது என்னையும் அக்காவையும் பார்த்து "லூசுக்கு லூசு துணை" என்று கேன்டீனில் சிரித்த அதே மனுஷன். குரூப்பை மூடிவிட்டேன்.

தெரியாதவர்களுக்காக... மேடவாக்கம் ஆபீஸில் அக்கவுண்ட்ஸில் அக்கா எனக்குப் பக்கத்து சீட். வீடு தாம்பரம் மார்க்கெட் பக்கம். ஓயாமல் பேசுவார், அதுவும் தெருவுக்கே கேட்கிற மாதிரி.

எனக்கு ஆட்டிசம். சத்தம், சில வாசனைகள், கேட்காமல் தொடுவது, இதெல்லாம் எனக்கு ஆகவே ஆகாது. ஆரம்பத்தில் அக்காவைக் கண்டாலே எழுந்து போய்விடுவேன்.

நான் மாசமாக இருப்பது தெரிந்ததும் அவர் செய்த முதல் காரியம், ஆசையாக மீன் குழம்பு கொண்டுவந்து என் மேஜையில் திறந்ததுதான். பாத்ரூமுக்கு ஓடி வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது டப்பாவைக் காணவில்லை.

"இன்னா ஆகும், இன்னா ஆகாதுன்னு நீயே சொல்லிடும்மா. நான் பாட்டுக்கு எதையாச்சும் பண்ணிகினு இருக்கேன்" என்றார்.

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. டாக்டரும்தான்.

வளைகாப்பு. எனக்கு அம்மா இல்லை, அதனால் மாமியார் வீட்டில், கூடுவாஞ்சேரியில். ஊரே வரிசையில் நின்று ஈரச் சந்தனத்தைக் கன்னத்தில் அப்பும் என்று நினைத்தாலே எனக்கு உடம்பு கூசியது. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "ஒரு நாள் கூத்துதானே, பொறுத்துக்கோ" என்றார்கள். அக்கா என் பக்கத்தில் நின்றுகொண்டு, வந்தவர்கள் எல்லோரிடமும் சந்தனத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு வாயால் வாழ்த்தச் சொன்னார். பாதிப் பேர் கேட்டார்கள். மீதிப் பேர், நம்ம வீட்டு விசேஷத்தில் இந்தப் பாய் வீட்டு அம்மாவுக்கு என்ன வேலை என்று சமையல்கட்டில் பேசினார்கள்.

அவர் கொண்டுவந்த பழத்தை மட்டும் அத்தனை பேரும் சாப்பிட்டார்கள்.

அப்புறம் ஆஸ்பத்திரி. எழுதவே அருவருப்பாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். குழந்தைக்குப் பால் கொடுக்க வரவில்லை என்று சிஸ்டர் வந்து மார்பைப் பிடித்து அமுக்கினார். அப்புறம் ஆயா. அப்புறம் பெரிய நாத்தனார். ஒருத்தராவது "கை வைக்கட்டுமா" என்று கேட்கவில்லை. அலறினேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள்.

அக்கா வந்து, விஷயம் கேட்டு, எல்லோரையும் வெளியே அனுப்பினார். டியூப்லைட்டை அணைத்தார். ஆபீஸில் நான் போட்டுக்கொள்ளும் ஹெட்போனைத் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் பேசவே இல்லை. கொஞ்ச நேரத்தில் என் மகள் தானாகவே வாய் வைத்துக் குடித்தாள்.

அப்போதுதான் மாமியார் உள்ளே வந்தார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது ஹெட்போன் மட்டும்.

பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது பாட்டுக் கேட்கிறவளை எங்கேயாவது பார்த்ததுண்டா என்று வராண்டா முழுக்கச் சொன்னார். குழந்தை முகத்தைக்கூட இவள் பார்ப்பதில்லை, சிரிப்பதில்லை, இவளை நம்பி விட முடியாது என்றார். சாயங்காலத்துக்குள் முடிவும் ஆகிவிட்டது. எனக்கு "சரியாகும் வரை" குழந்தை கூடுவாஞ்சேரியில் வளரட்டும். புட்டிப் பால் போதும். குழந்தையின் துணிகளைக்கூட மடித்துப் பையில் வைத்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் ஆட்டிசம் என்று சொல்லித்தான் கல்யாணமே நடந்தது. அப்போது "பார்த்தா ஒண்ணுமே தெரியலையே" என்று பல்லைக் காட்டியவர்கள் இவர்கள்.

என்னால் வாதாட முடியவில்லை. எனக்குப் பயம் வந்தால் பேச்சு நின்றுவிடும். குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அதையும் திமிர் என்றார்கள்.

அக்கா ஹெட்போனைக் கையில் எடுத்து மாமியாரிடம் நீட்டினார்.

"இதுல பாட்டே ஓடலைங்க. வெளிய இருக்கிற சத்தம் கேக்காம இருக்க போட்டுகினு கீறா. நீங்களே காதுல வச்சுப் பாருங்க."

மாமியார் தொடவில்லை. என் கணவர் வாங்கி மாட்டிக்கொண்டார். பிறந்ததிலிருந்து அம்மா பேச்சைத் தட்டாதவர். இரண்டு காதிலும் அழுத்திப் பார்த்தார். கழற்றினார். "குழந்தை இவகிட்டயே இருக்கட்டும்மா. நீங்க கிளம்புங்க" என்றார்.

கட்டிய பெண்டாட்டி சொன்னால் நம்பிக்கை வரவில்லை, ஹெட்போனைக் காதில் வைத்தால் வருகிறது... அது இன்னமும் எனக்குக் கசக்கத்தான் செய்கிறது. அவருக்கும் தெரியும். அவர் இதைப் படிப்பார்.

அதற்கப்புறம் ரொம்ப நாள், ஆபீஸ் முடிந்ததும் அக்கா எங்கள் சேலையூர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். வருவதற்கு முன்பு மெசேஜ் போடுவார். வரவா வேண்டாமா என்று. நான் வேண்டாம் என்று போட்டால் கோபித்துக்கொண்டதே இல்லை. குழந்தையைத் தூக்கிக் கொஞ்ச வரவில்லை, நான் குளித்துச் சாப்பிட்டுத் தூங்குவதற்காக வந்தார்.

இன்று மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். முகத்தைப் பார்த்தேன். ஆபீஸ்காரி ஒருத்தி என் பின்னாலேயே "ஒரு சொட்டுக் கண்ணீர் வருதா பாரு" என்று முணுமுணுத்தாள். செத்த வீட்டிலும் என் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தூ.

வீட்டுக்குத் திரும்பியதும் மாமியார் போன். "நல்ல மனுஷி. நாங்கள்லாம் சேந்துதானே உன் பிள்ளைய வளத்துக் குடுத்தோம்" என்றார்.

போனை வைத்துவிட்டேன்.

போய் வாருங்கள் அக்கா. பாப்பா என் மடியில் தூங்குகிறாள். எழுந்தால் என்னைத்தான் தேடுவாள்.