அஷ்டமிக்கு ஆள் இல்லை

என்னால் ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. உட்கார்ந்த இடமாவது நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். எங்கள் வீடு இருக்கும் பாசிர் ரிஸ் கடைசி நிலையம் என்பதால் காலையில் ரயிலில் உட்கார இடம் கிடைத்துவிடும். மடிக்கணினியைத் திறந்தால் தஞ்சோங் பகாரில் அலுவலகத்துக்கு இறங்கும்வரை அது என் நேரம். கைப்பேசியில் தமிழில் எழுத நான் உருவாக்கிய விசைப்பலகை முழுக்க அந்த ரயிலில் பிறந்ததுதான். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், அதன் நிரலைப் பார்க்கலாம், திருத்தலாம். திருத்தித் தந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். குறை சொன்னவர்களுக்குத்தான் பஞ்சமில்லை.

புதுக் கைப்பேசிகள் வந்தபோது சனி பிடித்தது. அவற்றில் என் விசைப்பலகை எழுத்துகளை விழுங்க ஆரம்பித்தது. ரயிலில் உட்கார்ந்து ஒட்டுப்போடுகிற கோளாறு இல்லை அது; அடியிலிருந்து திரும்ப எழுத வேண்டும். மூன்று மாதமாவது முழுநேர வேலை. அலுவலகத்தில் சம்பளமில்லாத விடுப்பு தரத் தயாராக இருந்தார்கள்.

"வீட்டு லோனை யாரு கட்டுறது? தமிழ்த்தாயா?" என்றார் என் கணவர்.

நியாயமான கேள்வி. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. மூன்று மாதச் சம்பளத்துக்கு வழி பிறந்தால் விடுப்பு, இல்லையென்றால் விசைப்பலகையை இழுத்து மூடிவிடுவது என்று அன்றே முடிவு செய்தேன். முடிவு செய்த பிறகும் தூக்கம் வரவில்லை.

நன்கொடைக்கு ஒரு பொத்தான் ஏற்கெனவே வைத்திருந்தேன். அதை அழுத்திப் பார்த்த ஒரே ஆள் நான்தான், வேலை செய்கிறதா என்று பார்க்க. ஒரு விழாவில் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். மேடையிலேயே விஷயத்தைச் சொன்னேன். "தமிழுக்குச் செய்றதுக்குக் காசு கேக்கலாமா?" என்று முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். பொன்னாடையைக் கொடுத்து வீட்டுக்கடனை அடைக்க முடியாது என்று வாய்வரை வந்தது.

அந்த வாரம் சிராங்கூன் சாலைக் கோயிலில் ஒரு பலகையைப் பார்த்தேன். 'இன்றைய அன்னதான உபயம்' என்று ஒரு குடும்பத்தின் பெயர். சாமிக்குக் கொடுத்தாலும் பெயர் போட்டுத்தான் கொடுப்போம். குழல்விளக்கில் வெளிச்சம் வெளியே வராத அளவுக்கு 'உபயம்' எழுதுகிற கூட்டம் நாம். சரி, அப்படியே வாருங்கள் என்று நினைத்தேன். விசைப்பலகையின் அடியில் நீளமாக ஒரு ஸ்பேஸ் பார் சும்மாதானே கிடக்கிறது? ஒரு நாளைக்கு ஒரு குடும்பம். அன்று முழுக்க அதில் அவர்கள் பெயர், சாம்பல் நிறத்தில், சின்னதாக. ஆண்டு முழுவதற்கும் நாட்களை விலை போட்டு இணையத்தில் திறந்துவிட்டேன்.

பொத்தானைத் திரும்பிப் பார்க்காதவர்கள் நாட்களுக்கு அடித்துக்கொண்டார்கள். தைப்பொங்கலுக்கு ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் மல்லுக்கட்டினார்கள். கல்யாண நாள், பேரன் பிறந்த நாள், வைகாசி முகூர்த்தங்கள் எல்லாம் போயின. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் நாட்காட்டியில் ஓட்டைகளைப் பார்த்தேன். அஷ்டமி, நவமி ஒன்றையும் யாரும் தொடவில்லை. பிறந்த நாளே அஷ்டமியில் வந்த ஒருவர், ஒரு நாள் தள்ளிப் போடச் சொல்லிச் செய்தி அனுப்பியிருந்தார். அந்த ஓட்டைகள் நிரம்பாமல் மூன்று மாதச் சம்பளம் தேறாது. புதுக் கைப்பேசிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். என்னால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை, வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா ஈரச்சந்தைக்கு ஆட்டுக்கறி வாங்கப் போனேன். கறிக்கடை பாய் என் விசைப்பலகையில்தான் ஆர்டர் வாங்குகிறார். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, உங்க கீபோர்டு பாதி எழுத்தத் தின்னுடுதுலா. ஈரல் கேட்டவங்களுக்கு எலும்பு போயிருச்சு. எப்பச் சரியாகும்?"

நான் படபடவென்று எல்லாவற்றையும் கொட்டினேன். உபயம், விடுப்பு, அஷ்டமி. அவர் கறியை நறுக்கிக்கொண்டே காதுகொடுத்துக் கேட்டார்.

"புரட்டாசில நீங்கல்லாம் கறி வாங்க மாட்டீங்க. அதுக்காகக் கடைய மூடிட்டா போறேன்? வாடகை தினமும் ஓடுதுல்ல?" என்றார். "அந்த ஆளில்லாத நாள் அத்தனையும் எனக்குப் போடுங்க. மொத்தமா எடுத்தா வெலை கொறையும்தானே?"

பேரம் பேசினார். நானும் விடவில்லை. கடைசியில் அவர் கொஞ்சம் ஏறினார், நான் கொஞ்சம் இறங்கினேன். மூன்று மாதச் சம்பளம் தேறிவிட்டது. எனக்கு அழுகை வந்தது, சந்தை ஈரத்தில் கால் வழுக்கியதுபோல் பாசாங்கு செய்தேன்.

"யார் பேரைப் போடறது பாய்?"

"பேரெல்லாம் வேணாம். 'இன்றும் கடை உண்டு'ன்னு போடுங்க."

"எந்தக் கடைன்னு எப்படித் தெரியும்?"

"வர்றவங்களுக்குத் தெரியும்லா."

அன்றைக்கே போட்டேன். மறுநாள் காலை விடுப்புக் கடிதத்தை எழுதி முடித்து, அனுப்பும் நேரத்தில் சமையலறைச் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன். நவமி. கை நின்றுவிட்டது. இத்தனை நாள் ஊரையெல்லாம் திட்டிய நான், கைப்பேசியை எடுத்துக் கணவருக்கு அடிக்க ஆரம்பித்தேன்: 'இன்னைக்கு நவமி, நாளைக்கு'. அடுத்த சொல்லுக்கு இடம்விடக் கட்டைவிரலைக் கொண்டுபோனபோது, விரலுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் அந்த வரி இருந்தது. இன்றும் கடை உண்டு.

வெட்கமாக இருந்தது. அடித்ததை அழித்துவிட்டுக் கடிதத்தை அனுப்பினேன்.

விடுப்பின் முதல் நாள் வீட்டு மேசையில் உட்கார்ந்தேன். எழுந்தேன். காப்பி போட்டேன். திரும்ப உட்கார்ந்தேன். ஒரு வரி ஓடவில்லை. பிறகு வழக்கம்போல் உடுத்திக்கொண்டு, மடிக்கணினியோடு ரயில் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது. அடுத்த நிலையமான தெம்பனிஸ் தாண்டும்போதே வேலை பிடித்துக்கொண்டது. தஞ்சோங் பகாரில் கதவு திறந்தது. நான் இறங்கவில்லை.