தவழ்கிற தண்டு

என் ஆய்வு வழிகாட்டியை எனக்குப் பிடிக்காது. ஏழு வருடமாகப் பிடிக்காது.

ஜவ்வாது மலையில் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னாலிருக்கும் பாறையில் ஒரு சிறு செடியைக் கண்டெடுத்தேன். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. புதுச்செடியின் விவரத்தை இப்போது ஆங்கிலத்திலேயே எழுதலாம். அவரோ லத்தீனில்தான் எழுதவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்.

"மலையில பொறந்தா செடி தெரியும். எலக்கணம் வருமாம்மா?" என்று துறையில் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

வந்தது. நம் பெயரெச்சத்துக்குப் பிரச்சினையே இல்லை. தவழ்கிற கொடி, தவழ்கிற குழந்தை, எதன் முன்னால் நின்றாலும் அது மாறாது. லத்தீனில் தவழ்கிற என்பது ரேபென்ஸ். வேற்றுமை ஏறினால் ரேபென்டிஸ், ரேபென்டி, ரேபென்டெம் என்று வால் மாறும். நிமிர்ந்த என்பதற்கு எரெக்டஸ், எரெக்டா, எரெக்டம் என்று பாலுக்கொரு வால். பக்கத்தில் நிற்பது யாரென்று பார்த்து வாலை மாற்றும் வித்தை அவருக்குப் பழக்கம்தான். துறைத்தலைவரிடம் ஒரு வால், என்னிடம் வேறு. தவழ்கிற தண்டை எல்லா வேற்றுமையிலும் இருபது முறை எழுதவைத்தார். எழுதினேன். செடியின் விவரம் முழுக்க என் லத்தீன்.

பிறகு உலர்த்தி ஒட்டிய செடித்தாளைப் பார்த்தேன். 'சேகரித்தவர்' என்ற இடத்தில் நான் எழுதிய என் பெயர்மேல் புதுச்சீட்டு ஒட்டி, தன் பெயரை அச்சடித்திருந்தார். கேட்டேன்.

"தீசிஸ்ல கையெழுத்து வேணுமா, வாணாமா?" என்றார்.

செடித்தாளைத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

அந்த விவரத்தோடு அவர் அனுப்பிய கட்டுரையைப் பத்திரிகை திருப்பி அனுப்பி, காய் உள்ள செடி வேண்டும் என்று கேட்டது. செடித்தாளில் 'வீட்டுக் கொட்டகைக்குப் பின்னால்' என்று மட்டும் எழுதியிருந்தேன்; சரியான இடம் அவருக்குத் தெரியாது. போன மாதம் ஜீப் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். ஷூவில் மண் படுகிறதே என்று முகம் சுளித்தபடி கொட்டகைக்குப் பின்னால் பாறைமேல் வந்து நின்றார்.

"எங்கம்மா அந்தச் செடி?"

அங்கே சாணி அள்ளிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"இங்கதான் இருந்துச்சி சார். இப்ப இல்ல."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவர் காலைப் பார்த்தாள்.

"ஆமாங்க. ஆடு தின்னுட்ச்சிங்க," என்றாள்.

எங்களிடம் ஆடே கிடையாது. அவர் சலித்துக்கொண்டே ஜீப்புக்குத் திரும்பினார். காகிதத்தில் காய்ந்து ஒட்டியிருந்தால் அடையாளம் கண்டிருப்பார். பச்சையாக, பூவும் காயுமாக, அவர் ஷூவுக்கடியில் தவழ்கிற தண்டு அவருக்குத் தெரியவில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்கவில்லை. அவர் கையெழுத்து இன்னும் வரவில்லை. மிதிபட்ட இடத்தில் அம்மா தினமும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுகிறாள்.